வியூஸ் என்கிற பொல்லாத வாத்தியார்

1951-இன் கடைசி மாதங்களில் பம்பாயின் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலை, அதற்கு முன் செய்தே இராத ஒரு சாமானை இரவு பகலாகச் செய்துகொண்டிருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நெருங்கிவிட்டது. வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அப்படியானால் எத்தனை பெட்டி வேண்டும்! கோத்ரெஜின் அந்த விக்ரோலி ஆலைக்கு வந்த ஆர்டர் மட்டும் 12 லட்சத்தைத் தாண்டியது. பெட்டி ஒன்றுக்கு 5 ரூபாய் கணக்கு. வெளியே தனிப்பூட்டு மாட்டினால் அந்த விலைக்குக் கட்டாது. நாதாலால் பாஞ்சால் என்ற தொழிலாளி, பூட்டைப் பெட்டிக்குள்ளேயே அடக்கும் வழியைக் கண்டுபிடித்தார். டிசம்பர் வாக்கில் நாளொன்றுக்கு 15,000-க்கு மேல் பெட்டிகள் வெளியே போய்க்கொண்டிருந்தன.

பீரோவும் பூட்டும் செய்து பழகிய கைகள்தாம். ஆனாலும் வாக்குப்பெட்டி செய்வது எப்படி என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. செய்தார்கள், மூடி சரியாக உட்காரவில்லை என்றால் மாற்றினார்கள், மறுபடி செய்தார்கள். வேலையே பள்ளிக்கூடம்.

இப்படி வேலையில் கற்றுக்கொள்வதற்கு ஒரு கணக்கு உண்டு என்பதை 1936-இலேயே டி.பி. ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் எழுதிவைத்தார். விமானத் தயாரிப்பில் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்றார். முதல் சாமானுக்கு 100 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுக்கு 80. நான்காவதுக்கு 64. ஆயிரத்தைத் தொடும்போது 11 நிமிடம். கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கின் மறுபக்கம், ஆயிரத்துக்குப் பிறகு இன்னொரு 20 சதவீதம் குறைய வேண்டுமானால் இன்னும் ஆயிரம் செய்தாக வேண்டும். முதல் நாள்களில் வேகமாகக் கைவந்த வித்தை பிறகு ஏன் நின்றுபோனதுபோல் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம். நிற்கவில்லை; அடுத்த படி தொலைவில் இருக்கிறது. சுருட்டு செய்யும் தொழிலாளர்களை ஆராய்ந்த கிராஸ்மன் என்ற உளவியலாளர் 1959-இல் காட்டியதும் இதைத்தான்: லட்சக்கணக்கில் செய்த பிறகும், ஏறத்தாழ இரண்டு வருடம் வரை அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டே இருந்தது. கடைசியில் தடுத்தது மனிதக் கை அல்ல, இயந்திரத்தின் வேகம்.

அதே விக்ரோலி இன்று வேறு சரக்கையும் செய்கிறது. கிழக்கே கன்னம்வார் நகர், மேற்கே மலைச்சரிவில் பார்க்ஸைட், இரண்டுக்கும் நடுவே ரயில். தாராவி, செம்பூர், மாட்டுங்கா போலவே இங்கும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் சேனல் வைத்திருக்கும் ஒரு தம்பியையோ, ரீல்ஸ் போடும் ஒரு அக்காவையோ பார்க்க முடியும். சமையல், கோலம், டியூஷன், பைக் ரிப்பேர், ஊர்த் திருவிழா. கோத்ரெஜ் நிறுவனமே ‘விக்ரோலி குசினா’ என்ற பெயரில் சமையல் எழுத்தாளர்களையும் வீடியோ செய்வோரையும் சேர்த்து ஒரு தளம் நடத்துகிறது. எஃகு அடித்த மண்ணில் இப்போது கண்டென்ட் அடிக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர் காதில் இரண்டு குரல்கள் விழும். ஒன்று, “எங்கள் கோர்ஸில் சேருங்கள், எல்லாம் சொல்லித் தருகிறோம்.” மற்றது, “கோர்ஸெல்லாம் வேஸ்ட், போனை எடு, போட ஆரம்பி, தானாக வரும்.” இரண்டில் எது சரி என்று கேட்டால், ஆராய்ச்சிகள் தரும் பதில் இரண்டு தரப்புக்கும் பிடிக்காத பதிலாக இருக்கிறது.

முதலில் கோர்ஸ். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய இலவச இணைய வகுப்புகளின் ஆறு வருடக் கணக்கை 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2017-18-இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். உலகின் தலைசிறந்த பேராசிரியர்கள், இலவசமாக! முடித்தவர்களுக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை இரண்டு வகையாகப் படிக்க வைத்தார்கள். ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு முறை படித்தது. மற்றது ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்துப் படித்து உருப்போட்டவர்கள் முந்தினார்கள்: 83-க்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: அவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61. மூளை எடுத்துப் பயன்படுத்தியதைத்தான் வைத்துக்கொள்கிறது. கண்ணால் கடந்துபோனதை அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், கற்கிறவருக்கே இது தெரிவதில்லை. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பில் ஒரு சோதனை நடத்தி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்குச் சரளமான விரிவுரை. மறு பாதி அதே பாடத்தைத் தாங்களே கணக்குப் போட்டுத் திணறிக் கற்றது. தேர்வில் திணறியவர்கள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ‘நன்றாகக் கற்றோம்’ என்று சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள். எடிட்டிங் பற்றி இருபது வீடியோ பார்த்துவிட்டு எழும்போது வரும் அந்தத் தெளிவு இருக்கிறதே, அதை நான் இனி நம்புவதாக இல்லை. டைம்லைனில் ஒரு ஒலித்துண்டு படத்தோடு சேராமல் அரை மணி நேரம் உயிரை வாங்கும்போதுதான் ஏதோ நடக்கிறது.

அந்தத் திணறலில் மூளைக்குள் நடப்பது என்ன? வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்பணுக்களைப் பதிவு செய்து, 1997-இல் வேறு இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு விளக்கம் தந்தார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தால் அணுக்கள் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று பழகிவிட்ட பிறகு, ரசம் வரும்போது துடிப்பு இல்லை. விளக்கு எரியும்போதே துடித்துவிடுகின்றன. ரசம் வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்குகிறது. அதாவது அந்த அணுக்கள் பரிசை எண்ணவில்லை; எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணுகின்றன. கற்றல் அந்த வித்தியாசத்திலிருந்து கிளம்புகிறது. விரிவுரை கேட்கும்போது நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் தப்பாவதும் இல்லை. வேலை செய்யும்போது ஒவ்வொரு அசைவிலும் ‘இப்படிச் செய்தால் இது நடக்கும்’ என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது. பொருள் உடனே பதில் சொல்கிறது.

அப்படியானால் இரண்டாவது குரல் சொல்வதுதான் சரியா? போனை எடு, போடு? அவ்வளவு சுலபம் இல்லை.

மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைக்கக்கூடிய புதிய விஷயங்கள் சுமார் நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணக்கிட்டார். ஒரு முழு வீடியோவோ, தலைப்பு, ஒளி, மைக், பேச்சு, வெட்டு, இசை உரிமை, தம்ப்நெயில், விவரக் குறிப்பு என்று முதல் நாளே எட்டுப் பத்தைத் தலையில் ஏற்றுகிறது. ஏதோ தப்பாகிறது. எது தப்பு என்று தெரியாது. 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் குத்தியது: வழிகாட்டல் இல்லாமல் ‘நீயே கண்டுபிடி’ என்று விடுவது, விஷயம் தெரிந்தவருக்குப் பலன் தரும்; புதியவரை மூழ்கடிக்கும். கல்வி உலகில் பெரிய சண்டை நடந்தது அந்தக் கட்டுரையை ஒட்டி. சண்டை ஓயவில்லை என்றாலும், தொடக்கத்தில் கைபிடித்து நடத்த ஆள் வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் குறைவு.

கைபிடிப்பது எப்படி என்பதற்கு மிக அழகான உதாரணம் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை, லைபீரியத் தையல்கடைகளில் கிடைத்தது. மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970-களில் அங்கே போய் உட்கார்ந்து, புதுப் பையன்கள் எப்படித் தையல்காரர் ஆகிறார்கள் என்று பார்த்தார். உடை உருவாகும் வரிசை: துணியை வெட்டுவது, தைப்பது, பட்டன் வைத்து இஸ்திரி போடுவது. பையன் கற்கும் வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் முடிந்த உடைக்குப் பட்டன், இஸ்திரி. பிறகு தையல். கடைசியில்தான் வெட்டு. காரணம் எளிது: பட்டனில் தப்புச் செய்தால் பிரித்து வைக்கலாம்; துணியைத் தப்பாக வெட்டினால் துணி போச்சு. அதோடு, முடிந்த உடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவனுக்கு, துண்டுகள் ஏன் அப்படி வெட்டப்பட்டன என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது. வேலையும் நிஜம், வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கும் உடை. ஆனால் தப்பின் விலை மட்டும் சின்னது.

தாராவியின் தையல் அறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சேனல் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இதை அப்படியே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாலிருந்து தொடங்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் யாருடைய சேனலுக்காவது சப்டைட்டில் போடு. நீள வீடியோவிலிருந்து ஷார்ட்ஸ் வெட்டிக்கொடு. அண்ணன் ஒருவர் படமெடுக்கும்போது மைக்கைப் பிடி. பிறகு எடிட், பிறகு படப்பிடிப்பு, கடைசியில் எதைப் பற்றி எடுப்பது என்ற தீர்மானம். ‘ஐடியா’ என்று எல்லாரும் முதலில் தேடுவது, துணி வெட்டுவதற்குச் சமானம். அது கடைசிப் பாடம்.

பம்பாய்க்கு வந்த பழைய தலைமுறைத் தமிழர்களுக்கும் இந்த முறை தெரிந்ததுதான். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்ட்டிபிகேட்டோடு ரயிலேறி மாட்டுங்காவில் இறங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் கடிதம் அடிக்கவில்லை. ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப், செமிகோலன்-எல்-கே-ஜே-ஹெச்-ஜே என்று பக்கம் பக்கமாக விரல்களை ஓட்டினார்கள். மேசையில் இருந்த மெஷின் பொய் சொல்லாது. தப்பு விரல் போனால் தப்பு எழுத்து அங்கேயே கறுப்பாக விழும். (இந்தியாவின் முதல் தட்டச்சு இயந்திரத்தையும் இதே கோத்ரெஜ்தான் செய்தது. 1955-இல் அது மக்கள் பார்வைக்கு வந்த இடம் நம் ஆவடி, காங்கிரஸ் மாநாட்டில்.)

விக்ரோலியிலிருந்து கொஞ்சம் வடக்கே, பவாயில் ஐ.ஐ.டி. பம்பாய். அங்கே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா 2009-இல் தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், இந்தச் சிந்தனையை வீடியோவுக்குள்ளேயே புகுத்தியது. ஒவ்வொரு பாடமும் சுமார் 10 நிமிடம். திரையில் ஒருவர் ஒரு மென்பொருளில் வேலை செய்கிறார். கற்கிறவர் பக்கத்து ஜன்னலில் அதையே திறந்து, நிறுத்தி நிறுத்தி, தானும் செய்ய வேண்டும். பார்த்து மட்டும் முடிக்க முடியாதபடி பாடம் கட்டப்பட்டிருக்கிறது. பேச்சு தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளில்; திரை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஏனெனில் வேலைக்குப் போகும் இடத்திலும் அப்படித்தான் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய தயாரிப்பு விதி ஒன்று: பாடத்தின் எழுத்துப் பிரதியை நிபுணர் சரிபார்த்தால் மட்டும் போதாது, அந்த விஷயம் சுத்தமாகத் தெரியாத ஒருவர் அதைப் பின்பற்றிச் செய்துகாட்ட வேண்டும். அவர் எங்கே முட்டிக்கொள்கிறாரோ அங்கே பிரதியைத் திருத்துகிறார்கள். தெரிந்தவர் தாண்டிப்போகும் படிக்கட்டு தெரியாதவர் காலைத்தான் தட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டிக்கும் துணிக்கும் டைப்புக்கும் பொருந்தும். சேனல் தொழிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர் 2001-இல் அனுபவத்தை இரண்டு வகையாகப் பிரித்தார். சில சூழல்கள் கற்கிறவரிடம் நல்லபடி நடந்துகொள்கின்றன. செய்த காரியத்துக்கு உடனே, தெளிவாக, உண்மையான பதில் வருகிறது. சதுரங்கம், டைப்ரைட்டர், பூட்டு. வேறு சில சூழல்கள் பொல்லாதவை. பதில் தாமதமாக வரும், அல்லது பதிலே தப்பாக இருக்கும். அவர் சொல்லும் உதாரணம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இருந்த ஒரு மருத்துவர். டைஃபாய்டு வரப்போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் அவருக்குப் பெரிய பேர். வார்டில் ஒவ்வொரு நோயாளியின் நாக்கையும் விரலால் தடவிப் பார்த்து, இவருக்கு வரும் என்பார். ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அவர் கணிப்பு பலித்தது. அவர் ஒரு நாக்குக்கும் அடுத்த நாக்குக்கும் நடுவே கை கழுவுவதில்லை. நோயைப் பரப்பியதே அந்த விரல்தான். அனுபவம் கூடக்கூட அவருடைய தன்னம்பிக்கை வளர்ந்தது, அறிவு வளரவில்லை.

வியூஸ் எண்ணிக்கை இப்படிப்பட்ட பொல்லாத வாத்தியார். ஏன் என்று பார்ப்போம். யூடியூபின் பரிந்துரை முறை எப்படி வேலை செய்கிறது என்று அந்நிறுவனப் பொறியாளர்களே 2016-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். முதல் கட்டத்தில், கோடிக்கணக்கான வீடியோக்களிலிருந்து உங்களுக்கென்று சில நூறு பொறுக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில், அவற்றில் ஒவ்வொன்றையும் நீங்கள் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று ஊகித்து வரிசைப்படுத்துகிறார்கள். கிளிக்கை மட்டும் எண்ணினால் ஏமாற்றுத் தலைப்புகள் மேலேறிவிடும் என்பதால் பார்க்கும் நேரத்தை அளவுகோலாக்கினார்கள். ஆக, உங்கள் வீடியோ எத்தனை பேருக்குக் காட்டப்படுகிறது என்பதே ஒரு ஊகத்தின் விளைவு. தொடக்கத்தில் காட்டப்பட்ட சிலர் நன்றாகப் பார்த்தால் இன்னும் பலருக்குக் காட்டும். அவர்கள் பார்க்க, ஊகம் பலித்ததாகிவிடும். ஆரம்பச் சிலர் அன்று அவசரத்தில் இருந்தால் வீடியோ அங்கேயே படுத்துவிடும். அதுவும் ஊகம் பலித்ததாகத்தான் தெரியும். மருத்துவரின் விரல் இங்கேயும் வார்டு சுற்றுகிறது.

இது கற்பனை பயம் இல்லை என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டது. 14,341 பேர்; யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்கலாம், மதிப்பெண் போடலாம், பிடித்தால் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதை இறக்கினார்கள் என்று காட்டவில்லை. மீதிப் பேரை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் இறக்க எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். பாடல்கள் ஒன்றே, தொடக்கம் எல்லா உலகத்திலும் பூஜ்யம். ஆனால் ஒரு பாட்டு ஒரு உலகத்தில் முதலிடம். அதே பாட்டு இன்னோர் உலகத்தில் 40-ஆவது இடம். மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அபூர்வம், மிக மோசமான பாட்டு உச்சிக்குப் போவதும் அபூர்வம். இடையில் உள்ள பெருங்கூட்டத்துக்கு எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு தம்பி மூன்று வீடியோ போடுகிறார். மூன்றாவது பிய்த்துக்கொண்டு போகிறது. அதில் அவர் சிவப்புச் சட்டை போட்டு, முதல் வரியிலேயே சத்தம் போட்டிருந்தார். இனி வாழ்நாள் முழுக்கச் சிவப்புச் சட்டை, சத்தம். நிஜ வேலை செய்துதான் கற்றார். ஆனால் கற்றது பொய்.

நன்றாக வந்தவர்களின் கதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது. வயல் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்யலாம் என்று பேரப்பிள்ளைகள் யோசித்ததில் பிறந்தது. கேமரா அவர்களுக்குப் புதிது. சமையல் புதிதல்ல, தாத்தா பெரியதம்பி விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகியவர். பந்தியில் உப்புக் கூடினால் இலையிலிருந்து பதில் உடனே வந்துவிடும். யாரும் அல்காரிதத்தைக் கேட்டுச் சொல்வதில்லை. தாராவியின் ராப் பாடகர்களும் அப்படித்தான். 2018-இல் வந்த ‘காலா’ படத்தில் பாடிய டோப்அடெலிக்ஸ் குழு, சந்துகளிலும் சிறு மேடைகளிலும் நின்று வளர்ந்தது. 2015-இல் தாராவியில் தொடங்கிய ஹிப்ஹாப் மாலைப் பள்ளியில் ராப், பீட்பாக்ஸிங், பிரேக்டான்ஸ் எல்லாம் கற்றுத்தரப்படுகின்றன. வட்டமாக நிற்கும் கூட்டத்தின் நடுவில் தாளம் தப்பினால் அந்த நொடியே தெரியும். நேர்மையான இடத்தில் கைவந்த தொழிலைப் பொல்லாத சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். சந்தையிலேயே தொழிலையும் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்களுக்குத்தான் வழி தெரியாமல் போகிறது.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைச் செய்து பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது, ஆராய்ச்சி அதிகம் உதவாது. 2018 முதல் யூடியூபில் நீள வீடியோ வழியாக விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீள வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் செய்தவருக்கு. ஷார்ட்ஸில் அவருக்கென்று ஒதுக்கப்படுவதில் 45. கம்பெனி கொடுத்த மிக்ஸியைப் பற்றி வீடியோ போட்டால் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வகுத்த நெறி. மிக்ஸியை வைத்துக்கொண்டு, அதன் விலையும் ஒரு அளவைத் தாண்டினால் 2022 ஜூலை முதல் வரிப் பிடித்தம் உண்டு. தளமே காணாமல் போவதும் உண்டு: 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அன்று காலை வரை லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் மறுநாள் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். பார்வையாளரின் போன் நம்பரோ மின்னஞ்சலோ தன் கையில் இருந்தவர்களுக்கு மட்டும் வாடிக்கையாளர் மிஞ்சினார்கள்.

பொல்லாத வாத்தியாரிடமும் ஒரு நேர்மையான சிலேட்டு இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைகோடு வரும்: எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. வியூஸ் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்கிறது. அதில் பாதி அதிர்ஷ்டம். வந்தவர்கள் எங்கே எழுந்து போனார்கள் என்பது உங்கள் கைவேலை. நூறு பேரில் நாற்பது பேர் 38-ஆவது நொடியில் ஒன்றாகக் கிளம்பினால், அது தற்செயல் ஆக முடியாது. அங்கே போய்ப் பாருங்கள். ‘வீடியோவுக்குள் போறதுக்கு முன்னாடி’ என்று தொடங்கியிருப்பீர்கள். தப்பு இருக்கும் இடத்தை நொடியோடு காட்டுகிறது என்பதால், டைப்ரைட்டர் காகிதத்துக்குக் கிட்டத்தட்ட நிகரானது இது ஒன்றுதான்.

தம்ப்நெயிலுக்கு மட்டும் இந்த வழி உதவாது. இரண்டு படம் செய்து, எது நல்லது என்று சோதிக்கலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படத்தைப் பார்த்தவர்களில் 4 சதவீதம் பேர் கிளிக் செய்கிறார்கள், மற்றதில் 5 சதவீதம். தொழிலில் இது பெரிய வித்தியாசம். கிளிக்குகள் கால் பங்கு கூடும். இந்த வித்தியாசத்தை அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்தறிய, வழக்கமான புள்ளியியல் அளவுகோல்படி ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 6,700 தடவை காட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 13,000-க்கு மேல். முதல் வருடத்தில் இருக்கும் சின்னச் சேனலுக்கு ஒரு வீடியோ அவ்வளவு பேர் கண்ணில் படவே மாதக்கணக்காகும். அதற்குள் அவர் பத்து முறை தம்ப்நெயில் பாணியை மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பாடம் கற்றதாக நினைத்திருப்பார்.

சின்னச் சேனலுக்கு அதைவிட மலிவான சோதனை இருக்கிறது. ஜேகப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் கணினித் திரைகளைப் பயன்படுத்துவோரை ஆராய்ந்து, ஒருவரை உட்கார வைத்துக் கவனித்தாலே குறைகளில் சராசரியாக 31 சதவீதம் தென்பட்டுவிடும் என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் ஐந்து பேர் என்றால் சுமார் 85 சதவீதம். எது சிறந்தது என்று தீர்மானிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். எது கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க ஐந்து பேர் போதும். வீடியோவை ஏற்றுவதற்கு முன் போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கட்டைவிரல் எப்போது திரையை நோக்கி நகர்கிறது என்று பார்த்தால் ஆயிற்று. ஐந்து பேரைக் கூட்டுவது பார்க்ஸைட்டில் கஷ்டமே இல்லை, கதவைத் திறந்தால் வந்துவிடுவார்கள். அவர்கள் பார்க்கும்போது, “இரு, இதுக்கப்புறம்தான் நல்லா இருக்கும்” என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்குத்தான் பழக வேண்டும்.